துணைக்கும் வேளை உண்டு

தேவாரத்துக்குப் பக்கத்து ஊர் கோம்பை. ஒரு நாய் இனத்துக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர் அது. செம்பழுப்பு உடம்பும் கருத்த வாயுமாக, மலையடிவாரத்தில் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த கோம்பை நாயைப் பற்றி இன்று நாடே பேசுகிறது. அதே மண்ணில் பெயரில்லாத நாட்டு நாய்களும் உண்டு. பஸ் நிறுத்தத்தின் ஓரத்திலும் தென்னந்தோப்பு வரப்பிலும் அவை சுருண்டு கிடக்கும். காதுமடலைத் திருப்பிப் பார்த்தால் ஆமணக்குக் கொட்டை அளவில் உண்ணிகள் ஒட்டியிருக்கும்.

அப்படி ஒரு நாயை யாரோ ஒருவர் மனமிரங்கி வீட்டுக்குத் தூக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கிறது. இந்த இரண்டும் எப்போது, எப்படிச் சந்திக்க வேண்டும்? வந்த நாய் பிழைப்பதிலும் வீட்டு நாய் நோயில்லாமல் இருப்பதிலும் இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் நோயைப் பார்ப்போம். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் முக்கியக் கிருமிகளில் ஒன்று எர்லிக்கியா. 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பாக்டீரியா இது. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க ராணுவ நாய்களில் நூற்றுக்கணக்கானவை இதற்குப் பலியான பிறகுதான் உலகம் இதை உற்றுப் பார்த்தது. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே இந்தக் கிருமி குடியேறுகிறது. காவல்காரன் வீட்டிலேயே திருடன் ஒளிந்துகொள்வது போல. அங்கே பெருகித் திரளும்போது, நுண்ணோக்கியில் அது முசுக்கொட்டைப் பழம் போலத் தெரியும்.

இந்த நோயில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிகின்றன. மூக்கில் ரத்தம் வடியலாம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நலமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பிவிடும். வெளுத்த ஈறு ரத்தசோகையின் அடையாளம். அதைப் பார்த்தால் மாட்டாஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கு மருந்து இருக்கிறது. பழைய, விலை குறைந்த டாக்சிசைக்ளின்தான் அது. பெரும்பாலான நாய்கள் ஒன்றிரண்டு நாளிலேயே எழுந்து சாப்பிடத் தொடங்கும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. "தேறிவிட்டதே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் மருத்துவர்கள் பொதுவாக 28 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்த அறிகுறியும் காட்டாமல் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பதுங்கியிருக்கக்கூடியது இந்தக் கிருமி. பிறகு எலும்பு மஜ்ஜையைப் பிடித்துவிட்டால் மீட்பது கடினம்.

இந்த நாட்களில் என்ன கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பெருமை. ஆனால் நாய்க்குத் திராட்சை நஞ்சு. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எத்தனை பழம் தின்றால் ஆபத்து என்று யாராலும் கணித்துச் சொல்ல முடியாது. வெங்காயமும் ஆகாது; ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்குச் சாம்பார் சோறு போடுவது உதவியாகாது. குழைந்த சோறும் உப்புக் காரமில்லாத வேகவைத்த கோழியும் போதும். நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது.

இனி வீட்டு நாய்க்கு வருவோம். எர்லிக்கியா நக்கினாலோ முகர்ந்தாலோ ஒட்டுவதில்லை. அதைச் சுமந்து போவது உண்ணி. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவர் விரிசலுக்குள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, நாய் வந்ததும் ஏறும். எனவே நாய்க்கு மட்டும் உண்ணி மருந்து போட்டால் போதாது. அது படுக்கும் இடத்தையும் சுவரோரங்களையும் சுத்தம் செய்ய வேண்டும். நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் இன்னும் பிடிவாதமானது. 1978-இல் உலகின் கவனத்துக்கு வந்த அந்த வைரஸ், மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிர்ப்போடு இருக்கும். அதனால் புதிய நாயைக் குறைந்தது இரண்டு வாரம் தனி இடத்தில், தனித் தட்டோடு வைக்க வேண்டும். வீட்டு நாய்க்குத் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு வாரமும் வீணாகப் போகும் காலம் அல்ல. நாய் அந்த நாட்களில் பயத்திலிருந்தும் மெல்ல மீள்கிறது. காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தை 1990-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, முதல் மூன்று நாட்களில் கார்ட்டிசால் என்னும் பதற்ற இயக்குநீர் மிக அதிகமாக இருந்தது. நீடித்த கார்ட்டிசால் நோய் எதிர்ப்பாற்றலை அமுக்கிவிடும். பயந்த நாய் மெதுவாகத்தான் தேறும் என்பதற்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

பயத்தைத் தணிப்பது எது? கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த குழு தெருநாய்களிடமே இதைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டது. முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்து சாப்பாடு கொடுத்ததைவிட, தலையைத் தடவிக் கொடுத்ததே நாய்களிடம் கூடுதல் நம்பிக்கையை வளர்த்தது. காலங்காலமாகக் கல்லடி பட்ட உயிர், உணவைவிட வருடலை நம்புகிறது என்பது மனதை உலுக்கும் செய்தி.

நாய்க்கு நாய் துணை என்பதற்கும் வேதியியல் அடித்தளம் உண்டு. ஆக்சிடோசின் என்னும் பாச இயக்குநீர் மூக்கில் தெளிக்கப்பட்ட நாய்கள் தம் வளர்ப்பாளரிடமும் கூட்டாளி நாயிடமும் அதிகம் நெருங்கின என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். இன்னொன்றும் தெரிந்தது. கூட்டாளியோடு கொஞ்சிப் பழகும்போது உடம்பு தானாகவே அந்தச் சுரப்பைக் கூட்டுகிறது. பழகப் பழகச் சுரக்கிறது. சுரக்கச் சுரக்க இன்னும் பழகத் தோன்றுகிறது.

அந்தச் சுழற்சியை மூக்கிலிருந்து தொடங்குவது நல்லது. நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு வாசனை ஏற்பிகள் நாய்க்கு உண்டு. உண்ணியும் தொற்றும் ஒழிந்தன என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் பக்கத்தில் போடுங்கள். முகம் பார்க்கும் முன்பே இரண்டும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். பிறகு வீட்டுக்கு வெளியே, இருவர் ஆளுக்கொரு நாயைப் பிடித்து, இடைவெளி விட்டுப் பக்கவாட்டில் நடக்கட்டும். தட்டுகள் தனித்தனியாகவே இருக்கட்டும்.

வாலையும் கவனியுங்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டது இது: தன் வளர்ப்பாளரைக் கண்ட நாயின் வால் அதன் வலப்பக்கம் சற்றுக் கூடுதலாக ஆடுகிறது, மிரட்டும் அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம். இடப்பக்க ஆட்டத்தைப் பார்க்கும் நாய்க்கு இதயத் துடிப்பு கூடுவதை 2013-இல் கண்டார்கள். நம் கண்ணுக்குத் தப்பும் அந்தச் சாய்வை நாய்கள் தமக்குள் படித்துக்கொள்கின்றன. நமக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: முன்காலைத் தாழ்த்திப் பின்னுடலை உயர்த்தி நின்றால் அது விளையாட அழைக்கிறது என்று அர்த்தம். நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்த நாய் முதன்முறை அப்படி நிற்பதைப் பார்த்தவர் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்.

நோயுற்ற நாயைத் தூக்கும்போது கடி பட்டால் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள். இதில் அலட்சியம் கூடாது.

மாத்திரைக்கு 28 நாள், தனிமைக்குக் குறைந்தது இரண்டு வாரம், அதன்பின் துணை. துணையும் மருந்துதான். மற்ற மருந்துகளைப் போலவே அதையும் உரிய வேளையில் கொடுத்தால்தான் வேலை செய்யும். தெருவோரம் சுருண்டு கிடக்கும் நாயைக் கடந்துபோக மனம் வராதவர்கள் இந்த வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். உங்கள் இரக்கம் இரண்டு உயிர்களையும் காக்கும்.