ஊர்ப்பெயர்த் தரவுத்தளமும் முதன்மைத் திறவுகோலும்: சித்தூர், திருப்பதிப் பகுதிச் சான்றுகள்

1. முன்னுரை

ஊர்ப்பெயர் ஆய்வாளர் முன்பு அட்டைகளில் எழுதித் தொகுத்த செய்திகள் இன்று மேசைக் கணினியின் தரவுத்தளத்தில் இடம்பெறுகின்றன. அட்டையில் நேரும் குழப்பத்தை ஆய்வாளர் படிக்கும்போதே உணர்ந்து திருத்திக்கொள்வார். கணினி அவ்வாறு உணராது. ஆகவே, ஒவ்வொரு பதிவையும் ஐயத்துக்கு இடமின்றிச் சுட்டும் 'பிரைமரி கீ' ஆகிய முதன்மைத் திறவுகோல் எதுவென்பது தொடக்கத்திலேயே தீர்க்கப்பட வேண்டும். தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

2. பெயர் திறவுகோலாகாமை

திறவுகோலுக்கு மூன்று இயல்புகள் வேண்டும்: ஒன்றற்கே உரியதாதல், வெறுமையாக இராமை, மாறாமை. ஊர்ப்பெயருக்கு முதலாவதும் மூன்றாவதும் இல்லை. புத்தூர் என்னும் பெயர் பல ஊர்களுக்கு உண்டு. மறுதலையாக, காளத்தி, திருக்காளத்தி, சீகாளத்தி, ஸ்ரீகாளஹஸ்தி என்பன ஓரூரையே குறிக்கும். இன்றைய திருச்சானூர் கல்வெட்டுகளில் திருச்சோகினூர் என வருகிறது.

எழுத்தளவிலும் இடர் உண்டு. 2005இல் ஒருங்குறியில் 'ஶ' சேர்க்கப்பட்ட பின், 'ஸ்ரீ' என்னும் ஒரே வடிவத்தை இருவகைக் குறியீட்டுத் தொடர்களால் எழுத இயலும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் பெயர்களைக் கணினி வேறு வேறாகக் கொள்ளும்.

3. ஆட்சிப் பிரிவும் எண்ணும்

மாவட்டத்தையும் பெயரையும் இணைத்துத் திறவுகோலாக்கலாம் எனின், அதுவும் நிலைப்பதில்லை. திருப்பதி 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலும், பின்னர் 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் இருந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் தோன்றியது. சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்க்குறியீடும் 2001இலும் 2011இலும் ஒரே முறையில் அமையவில்லை. எனவே பொருளற்ற தொடர் எண் ஒன்றையே ஊருக்குத் திறவுகோலாக்குதல் தக்கது. பொருளில்லாமையால் அதனை மாற்றவேண்டிய காரணமும் எழாது.

4. அட்டவணைகளை உறவுபடுத்தல்

செய்திகளை அட்டவணைகளாகப் பகுத்து, மதிப்புகளின் வழியே உறவுபடுத்தும் கோட்பாட்டை எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அதன்படி இங்கு வேண்டுவன ஐந்து அட்டவணைகள்: ஊர், மாவட்டம், கல்வெட்டு, ஊரையும் மாவட்டத்தையும் இணைப்பது, ஆட்சி. நான்காவதில் ஊர் எண், மாவட்ட எண், தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு ஆகியன இடம்பெறும். திருப்பதிக்கு அதில் மூன்று வரிசைகள் அமையும்.

ஒரு கல்வெட்டில் பல ஊர்கள் வரும். ஓரூர் பல கல்வெட்டுகளில் வரும். இவ்வுறவை ஆட்சி அட்டவணை தாங்குகிறது. அதில் கல்வெட்டு எண், ஊர் எண், கல்லில் உள்ளவாறே பெயர்வடிவம் ஆகியன தனித்தனிப் புலங்களாகும். திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. அவற்றைத் தெலுங்கில் பெயர்ப்பவர் இன்றைய பெயரைக் கொண்டு தேடினும் பழைய வடிவங்கள் அனைத்தும் கிடைக்கும்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பெயர்வடிவம் சான்று, அது இன்ன ஊர் என்பது ஆய்வாளர் முடிபு. முடிபு ஐயத்துக்குரியதாயின் ஊர் எண்ணை வெறுமையாக விடலாம். பின்னர் மாறின் எண்ணை மட்டும் மாற்றலாம். பழைய வடிவத்தை அழித்து இன்றைய பெயரை எழுதிவிட்டாலோ சான்றே மறைந்துவிடும். பிழையான ஒப்புமை மொழிபெயர்ப்பிலும் நிலைபெற்றுவிடும்.

5. முடிவுரை

இம்முறை அகராதியியலார்க்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒப்புருச் சொற்களை எண்ணிட்டே பிரித்தது. நதியைக் குறிக்கும் 'ஆறு' வேறு. எண்ணைக் குறிக்கும் 'ஆறு' வேறு. சொல்வடிவம் ஒன்றாயினும் பதிவு இரண்டு என்னும் அவ்வுணர்வே தரவுத்தளத்துக்கும் அடிப்படையாகும். பெயரை ஆய்வுப்பொருளாகவும் எண்ணை அடையாளமாகவும் கொள்வோர்க்குத் தொகுப்பு வளருந்தோறும் பயன் மிகும்.