பிறந்தநாள் ஏற்றும் டிக்கெட்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சென்னையிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு 66, பாட்டிக்கு 61, அப்பா, அம்மா, 11 வயதுப் பெண், 4 வயதுப் பையன். ஆறு பேர். பையனுக்கு டிசம்பர் 27 அன்று 5 வயது நிறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பயணத்தின் செலவைத் தூரத்தைவிட வயதுதான் அதிகம் ஆட்டிவைக்கிறது.

முன்பதிவுக் கட்டணம் முதலியவற்றை ஒதுக்கிவிட்டு, ஒரு பெரியவரின் ரயில் கட்டணத்தை 1 என்று கொள்வோம். இதே வயதில் இவர்கள் 2015இல் படுக்கை வகுப்பில் போயிருந்தால் தாத்தாவுக்கு 0.6 (60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதச் சலுகை), பாட்டிக்கு 0.5 (58 வயதான பெண்களுக்குப் பாதி), அப்பா அம்மாவுக்கு 2, பெண்ணுக்குத் தனிப் படுக்கையோடு 0.5, பையனுக்கு ஒன்றுமில்லை. ஆக 3.6 டிக்கெட். 2016 ஏப்ரலில் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தை தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்றானது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்கள். கொரோனா போயும் சலுகை வரவில்லை. இன்று அதே ஆறு பேருக்கு 5 டிக்கெட். பையனின் பிறந்தநாளுக்குப் பிறகு போனால், அம்மாவோடு ஒரே படுக்கையில் ஒண்டிக்கொண்டால் 5.5, தனிப் படுக்கை என்றால் 6.

அதற்காக 27ஆம் தேதிக்கு முன்பே வீடு திரும்பலாமா? பையன் ஒப்பமாட்டான், ஊட்டியில்தான் கேக் வெட்டவேண்டும். எனவே 25 இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், 28 அன்று திரும்புதல். போகும்போது அவன் இலவசம், வரும்போது அரை. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதாவது அக்டோபர் 26. பல ஆண்டுகளில் தீபாவளிச் செலவும் இதுவும் ஒரே மாதத்தில் வந்து விழும்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில். 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். மணிக்கு 10 கிலோமீட்டர்கூட இல்லை, சைக்கிள்காரர் சமதரையில் முந்திவிடுவார். ஆனால் 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில், 1,877 மீட்டருக்கு 12 டிகிரி. ஏறும்போது கழற்றிவைத்த ஸ்வெட்டரைக் குன்னூரில் தேடுவார்கள்.

சொந்தக் காரில் போனால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். கட்டணம் இல்லை. அரசுப் பேருந்துக்கு அதுவும் தேவையில்லை.

தங்கும் அறை நாளுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் 2 அறை, 2 இரவுக்கு 12,000. இதற்கு ஜிஎஸ்டி முன்பு 12 சதவீதம், 1,440 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்கு 5 சதவீதம், 600 ரூபாய். மிச்சம் 840. கேக்குக்கும் அன்றே வரி 18இலிருந்து 5 ஆனது; 1,000 ரூபாய் கேக்கில் 130 மிச்சம். அறைக்காரரும் பேக்கரிக்காரரும் விலையை உயர்த்தாமல் இருந்தால்தான் இந்த 970 ரூபாய் கைக்கு வரும்.

கம்பளித் துணிதான் கணக்கில் இடிக்கும் செலவு. பையனுக்கு 800 ரூபாயில் ஸ்வெட்டர் வாங்கினால், அணிவது மூன்று நாள். நாளுக்கு 267 ரூபாய். சென்னையில் அதற்கு வேலையில்லை, அடுத்த குளிருக்குள் கை குட்டையாகிவிடும். அக்காவின் பழையதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் இளஞ்சிவப்பு நிறம் என்று மறுக்கிறான்.

அடுத்த ஆண்டு பெண்ணுக்கு 12 நிறையும். படுக்கைக்காக இப்போதே முழு டிக்கெட் எடுப்பதால் அவளால் ரயில் செலவு ஏறாது. பையனும் தனிப் படுக்கை கேட்டால், போக 6, வர 6.