அமாவாசை பார்த்து அந்தமான்

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்வீட்டுத் தம்பி டீ டம்ளரோடு மொட்டை மாடிக்கு வந்தார். அரைப்பரீட்சை லீவுக்குக் குடும்பத்தோடு அந்தமான். விமான டிக்கெட் போட்டாயிற்று. "நீல் தீவுக்கு ஒரு பகல் போதும்தானே சார்?"

டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அஷ்டமி, நவமியா?" என்று சிரித்தார். அதேதான்.

நீலுக்கு 2018 டிசம்பரிலிருந்து அரசுப் பெயர் ஷஹீத் தீவு. மொத்தமே சுமார் 14 சதுர கிலோமீட்டர். ஆட்டோ பிடித்தால் ஒரு பகலில் சுற்றிவிடலாம், அங்கேதான் ஏமாறுகிறோம். லட்சுமண்பூரில் ஒரு பாறை வளைவு இருக்கிறது. குடியேறிய வங்காளிகள் அதற்கு வைத்த பெயர் ஹௌரா பிரிட்ஜ்! கடல் வற்றினால்தான் அதனடிக்கு நடந்து போகலாம், பாறைக் குழிகளில் நண்டும் கடல் அட்டையும் பார்க்கலாம். பரத்பூரில் நேர் எதிர். தண்ணீர் ஏறியிருந்தால்தான் கண்ணாடிப் படகில் பவளப்பாறை பார்க்க முடியும். வற்றினால் குளிக்கக்கூட ஆழமிருக்காது.

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை படகில் இறங்கி மாலை படகில் திரும்புகிறவருக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கும். ஒரு ராத்திரி தங்கினால் இரண்டும் கிடைக்கும்.

பட்டினப்பாக்கத்தில் நமக்கு அலைதான் கண்ணில் படுகிறது, ஏற்றவற்றம் படுவதில்லை. அடையாறு முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் பாருங்கள். கடல் உள்ளே வருவதும் வெளியே போவதும் தெரியும். அமாவாசை, பௌர்ணமியிலும் அதற்கடுத்த ஓரிரு நாளிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இழுப்பு குறுக்கும் நெடுக்குமாக விழுகிறது. கடல் அவ்வளவாக இறங்காது. வற்றும் நேரமும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே போன மாதம் போய்வந்தவர் சொல்லும் மணிக்கணக்கு உங்களுக்கு உதவாது. போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெளிச்சம். கடிகாரம் நம்முடையதுதான், ஆனால் தீவு வெகு கிழக்கே. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும். மதியம் தூங்கினால் அந்த நாள் போச்சு.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ராத்திரி போர்ட் பிளேரில் இருங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், விமானம் காத்திருக்காது. கையில் ரொக்கம் இருக்கட்டும். பிள்ளைகள் பவளத் துண்டைப் பையில் போட்டால் வாங்கிக் கடலிலேயே போடுங்கள். எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

தம்பி கீழே போய், தாள் காலண்டரைப் புரட்டிவிட்டு வந்தார். முகம் தொங்கியிருந்தது. நீல் போகும் நாள் சப்தமி, மறுநாள் அஷ்டமி.

"அப்போ அந்த பிரிட்ஜ், சார்?"

"வற்றும் தம்பி, அமாவாசை அளவுக்கு வற்றாது. பாறையெல்லாம் ஈரமாகத்தான் இருக்கும். வழுக்காத செருப்பா எடுத்துக்குங்க."