டிரம் செட்டுக்கு முதல் சிம்பல்: ஹை-ஹாட்டா, கிராஷா?

ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலோ அலோர் காஜா தாமானிலோ நண்பர்கள் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்துவிட்டீர்கள். தீபாவளி கலைநிகழ்ச்சிக்கு மேடையும் கிடைத்துவிட்டது. யாரோ கொடுத்த பழைய டிரம் செட்டில் பேஸ், ஸ்னேர், டாம் எல்லாம் இருக்கு, சிம்பல் மட்டும் இல்லை. கையில் இருக்கிற வெள்ளி ஒன்றுக்குத்தான் போதும். எதை வாங்குவது?

ஹை-ஹாட்டை வாங்குங்க. ஏன் என்று பார்ப்போம்.

ஹை-ஹாட் என்பது ஒன்றுக்கொன்று முகம் பார்த்து நிற்கும் இரண்டு தட்டுகள். பெரும்பாலும் 14 அங்குலம். இடது காலால் பெடலை மிதித்தால் மூடும், விட்டால் திறக்கும். பஜனையில் ஜால்ரா போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். தட்டுகளைச் சேர்த்து அமுக்கினால் 'சக்', விட்டால் 'ஜிங்'. அதே வேலைதான் இங்கே, கைக்குப் பதில் கால். 1920களில் இது தரையை ஒட்டி, காலால் மட்டும் வாசிக்கிற சின்னக் கருவியாக இருந்தது. குச்சி எட்டும் உயரத்துக்கு அதைத் தூக்கிய பிறகுதான் பெயரில் 'ஹை' வந்தது.

கிராஷ் ஒற்றைத் தட்டு. 16 அல்லது 18 அங்குலம் சகஜம். பல்லவி திரும்பும்போதும் ரோல் முடியும்போதும் 'டிஷ்ஷ்' என்று ஒரு அடி. மேடையில் கைதட்டல் வாங்குவது பெரும்பாலும் அதுதான், அதனால்தான் எல்லாருக்கும் அது மேல் ஆசை.

ஆனால் ஹை-ஹாட்டைத் திறந்து வைத்து ஓங்கி அடித்தால் கிராஷின் வேலையைப் பாதியாவது செய்யும். கிராஷால் ஹை-ஹாட்டின் 'சக்'கைத் தரவே முடியாது. பாட்டு முழுக்க கிராஷிலேயே தாளம் போட்டுப் பாருங்க. ஒரு அடியின் ஓசை அடங்கும் முன் அடுத்தது வந்து விழும். தகரக் கூரை மண்டபத்தில் பாடகர் குரல் அதில் காணாமல் போகும். சந்தேகம் இருந்தால், இளையராஜாவிடம் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன் காலத்துப் பாட்டு ஒன்றை ஹெட்போனில் கேளுங்க. கிராஷ் அடிகளை விரல் விட்டு எண்ணலாம், ஹை-ஹாட்டை எண்ணவே முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் கேட்பது மாதிரி உறுமி மேளத்தோடு நீங்கள் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால், தாளம் காக்க ஜால்ரா ஏற்கெனவே இருக்கு. அங்கே கிராஷ் முதலில் வந்தாலும் தப்பில்லை.

கடையில் முதலில் உலோகத்தைக் கேளுங்க. மலிவான செட்டில் வருவது பித்தளை. ஓசை பாத்திரம் தட்டுவது போல் சீக்கிரம் செத்துவிடும். அடுத்தது வெண்கலம். பி8 என்றால் 92 விழுக்காடு செம்பு, 8 விழுக்காடு வெள்ளீயம். பி20 என்றால் 80-க்கு 20, விலையும் ஏறும். என்னைக் கேட்டால், புதுப் பித்தளை செட்டை விட ஒரு கை மாறிய வெண்கல ஹை-ஹாட் மேல். பழையது வாங்கும்போது ஓரத்தை விரலால் தடவிப் பாருங்க, வெடிப்பு இருந்தால் நகம் மாட்டும். நடுத்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் வேண்டாம்.

ஸ்டாண்டையும் கணக்கில் சேருங்க. ஹை-ஹாட்டுக்குப் பெடல் வைத்த தனி ஸ்டாண்ட், மேல்தட்டைப் பிடிக்க ஒரு கிளட்ச். தட்டை மட்டும் வாங்கி வந்து வீட்டில் முழித்தவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு காசு சேர்ந்து கிராஷ் வாங்கும்போது மெல்லிய 16 அங்குலம் போதும். சின்ன மண்டபத்தில் அதன் ஓசை சீக்கிரம் அடங்கும். மேலே இருக்கும் திருகை இறுக்கவே கூடாது, தட்டு ஆட இடம் வேணும். குச்சியை நேராகக் குத்தாமல் சரித்து வீசி அடிங்க, இல்லையென்றால் ஓரம் வெடிக்கும்.

லயன் வீட்டில் பயிற்சி என்றால் ஹை-ஹாட் மேல் பழைய துண்டு ஒன்று போடுங்க. 'சக்' உங்களுக்குக் கேட்கும், பக்கத்து வீட்டுப் பாட்டியும் தூங்குவார்.