தெக்கோங் படகில் ஏறும் முன்

2011இல் சிங்கப்பூரில் ஒரு புகைப்படம் இணையத்தில் பரவிப் பெரிய விவாதமானது. ராணுவச் சீருடையில் ஓர் இளைஞர் கைவீசி நடக்கிறார். அவருடைய முதுகுப்பையைச் சுமந்துகொண்டு வீட்டுப் பணிப்பெண் பின்னால் வருகிறார். இவரா நாட்டைக் காக்கப் போகிறார் என்று பலர் கேலி செய்தார்கள். கேலி இருக்கட்டும். அந்தப் பையை அதுவரை அவர் தூக்காமல் பார்த்துக்கொண்டது யார்?

1967 முதல் அங்கே தேசிய சேவை கட்டாயம். குடியுரிமை பெற்ற ஆண்கள் மட்டுமல்ல, இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிகளும் இரண்டு ஆண்டு முழுநேரம் பணியாற்ற வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போய்க் குடியேறியவர்களின் மகன்களும் இதில் அடக்கம். ராணுவத்துக்குத் தேர்வாகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அடிப்படைப் பயிற்சி தெக்கோங் தீவில். உடல் தகுதி உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 9 வாரம். தகுதி குறைந்தவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் அதைவிட நீளம்.

முதல் நாள் பெற்றோரும் படகில் கூடவே போகலாம். பிள்ளை படுக்கப்போகும் அறையைப் பார்த்து, முகாம் உணவையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். பிறகு மகனுக்கு மொட்டை. சுமார் இரண்டு வாரம் வீட்டுக்கு விடமாட்டார்கள்.

பையன்கள் திணறுவது ஓட்டத்திலும் தண்டாலிலும்தான் என்று நினைக்கிறோம். உடல் பழகிவிடும். விடியுமுன் தானாக எழுவது, படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவது, வியர்வை நாறும் சீருடையை அன்றே அலசுவது, குறட்டை விடும் பத்துப் பன்னிரண்டு பேர் நடுவே தூங்குவது: இவைதான் முதல் வாரத்தில் ஆளை அசைக்கின்றன. போதாததற்கு அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில்.

ராணுவம் இதை அறியாமல் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இணையைச் சேர்த்துவிடுகிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் ஒன்றாக நின்று தண்ணீர் குடிக்க வைப்பது வேடிக்கையாகத் தெரியலாம். அந்த வெயிலில் வெப்பத்தாக்கு விளையாட்டல்ல. ஏழு மணி நேர ஓய்வுக்கு விதி உண்டு. அதிகாரி தனித்தனியே அழைத்துப் பேசுகிறார். மனம் சோர்ந்தவர்களுக்கு ஆலோசகர்களும் 24 மணி நேரத் தொலைபேசிச் சேவையும் இருக்கின்றன. ஆனால் கேட்டால்தான் உதவி. "ஆம்பளப் புள்ள, பொறுத்துக்கோ" என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவன் அந்த எண்ணை அழைப்பானா என்பது சந்தேகமே. முகாமுக்குப் போகும் முன் பெற்றோர் மாற்றிச் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான்.

மறைக்கக் கூடாத இன்னொன்று உடல்நலம். மூச்சிரைப்பு, பழைய எலும்பு முறிவு, மனநல சிகிச்சை எதுவானாலும் மருத்துவப் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். "சொன்னால் நல்ல பிரிவு கிடைக்காது" என்ற கணக்கு ஆபத்தான கணக்கு.

இரவில் கைபேசி கைக்கு வந்ததும் மகன் அழைப்பான். சாப்பிட்டாயா என்று பத்து முறை கேட்பதைவிட, உன் இணை யார், எந்த ஊர், என்ன படித்தான் என்று கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து அழுக்குத் துணிப்பையோடு வீட்டுக்கு வருவான். பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள், தூங்க விடுங்கள். துணியை மட்டும் அவனே துவைக்கட்டும்.