ஆவணிப் பந்தல் போடுமுன்

காடாம்புலியூர், பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்தில் ஆடி முடிந்ததும் மண்டபம் தேடும் அலைச்சல் ஆரம்பமாகிவிடும். ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை, புரட்டாசியிலும் பெரும்பாலோர் வைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஆவணி ஒன்றுதான், ஏறக்குறைய ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 16 வரை. அதிலும் திதி, நட்சத்திரம் பார்த்துக் கழித்தால் கையில் மிஞ்சுவது சில நாட்கள்தான். இந்த நெருக்கடியை நேரில் காண வேண்டுமானால் ஓர் ஆவணி முகூர்த்தத்தன்று கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஒரே காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஜோடிகளுக்குக் கல்யாணம் நடக்கும். கொரோனா காலத்தில் கோயிலுக்குள் அனுமதி இல்லாதபோதும் பலர் நாளைத் தள்ளிப் போடவில்லை. வெளியே சாலையிலேயே தாலி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அலங்காரத்தைத் திட்டமிடுபவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். உங்களுக்கு வேண்டிய பந்தல்காரர், பூக்காரர், வாழைமரம் எல்லாம் அதே நாளில் இன்னும் நூறு வீட்டுக்கும் வேண்டும். விநாயகர் சதுர்த்தியும் கேரளத்து ஓணமும் இதே சமயத்தில் வருவதால் பூ விலை இன்னும் ஏறும். மண்டபம் பிடித்த கையோடு பந்தலுக்கும் பூவுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பிற்பகுதியில்தான் வரும். ஆனாலும் ஆவணியில் பகல் வெயில் காய்ந்தபின் மாலையிலோ இரவிலோ இடியுடன் மழை கொட்டுவது இந்தப் பக்கம் வழக்கம். விடிகாலை பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆகவே நனையக்கூடியது முகூர்த்தம் அல்ல, முந்தின நாள் மாலை வரவேற்புதான். திறந்தவெளியில் மேடை, புல்வெளியில் நாற்காலி என்ற ஆசை இருந்தால் அதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலை நிகழ்ச்சிக்குத் தகர ஷீட் கூரை வேண்டும். வெறும் சாமியானாத் துணி தண்ணீரைத் தேக்கித் தொங்கும், ஒரு கட்டத்தில் மொத்தமாகக் கொட்டும்.

கீற்றுப் பந்தல் குளிர்ச்சி, அழகு, நம் மண்ணுக்கும் பொருத்தம். ஆனால் அதனடியில் சூடேறும் விளக்கும் ஒட்டுப்போட்ட ஒயரும் கூடவே கூடாது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்று வேண்டுமென்றால் வாசலில் சிறியதாகப் போடுங்கள்; உட்காரும் இடத்துக்கும் சமையலுக்கும் வேண்டாம். சீரியல் செட் போடுகிறவரிடம் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று நின்று கேளுங்கள். கல்யாண வீட்டில் இதைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் இந்தப் பொறுப்பை ஒரு மாமனிடமோ சித்தப்பாவிடமோ முன்கூட்டியே ஒப்படைத்துவிடுவது நல்லது.

இனி பூ. மல்லியைக் காலையில் மொட்டாகப் பறிப்பார்கள், அன்றிரவே அது விரிந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்கு மணவறை முழுக்க மல்லிச் சரம் தொங்கவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் பழுப்பேறிய பூவைத்தான் புகைப்படத்தில் பார்ப்பீர்கள். செலவானது மட்டும்தான் மிச்சம். மணவறைச் சட்டத்துக்குச் சம்பங்கி, செண்டுமல்லி, கோழிக்கொண்டை போதும், ஓரிரவு தாங்கும். மல்லியை மாலைக்கும் பெண்ணின் தலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் வாசனையும் தெரியும்.

நிறம் முடிவு செய்யுமுன் முகூர்த்தப் புடவையை எடுத்துவிடுங்கள். மாயவரத்துக் கூறைநாட்டுப் புடவையோ காஞ்சிப் பட்டோ, பெரும்பாலும் அரக்கு அல்லது சிவப்பில்தான் எடுப்போம். அதற்குப் பின்னால் சிவப்பு வெல்வெட் திரை போட்டால் பெண் திரையோடு கரைந்துவிடுவாள். வெளிர் பச்சை, சந்தனம், வெள்ளை எதுவானாலும் புடவை எடுப்பாகத் தெரியும். என்னைக் கேட்டால் திரையே வேண்டாம், தென்னங்குருத்து போதும் என்பேன். இளமஞ்சள் குருத்தோலையைக் கீறி, மடித்து, கிளியும் குருவியுமாக முடிந்து வரிசையாகத் தொங்கவிட்டால் எந்தப் பட்டுக்கும் அது பொருந்தும். கைதேர்ந்தவர் பேசிக்கொண்டே ஒரு கிளியை முடித்துவிடுவார். ஓலையை நகத்தால் கீறும்போதே அடுத்த மடிப்பு எங்கே என்று விரலுக்குத் தெரியும். குருத்தை முதல்நாள் மாலை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் காலைவரை சுருளாது. வாசலுக்குக் குலை தள்ளிய வாழை. கடலூர்ப் பக்கம் ராமாபுரம் தோட்டங்களில் சொல்லி வைக்கலாம். வாழையும் மாவிலையும் இருக்கிற வாசலுக்குத் தெர்மாகோல் வளைவு எதற்கு?

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. பண்ருட்டியும் கடலூர் வண்டிப்பாளையமும் கொலு பொம்மைக்குப் பேர்போனவை. நவராத்திரியை எதிர்பார்த்து ஆவணியில் அங்கே பொம்மை வேலை மும்முரமாக நடக்கும். மணமக்கள், நாதஸ்வரம், தவில், பந்தி எல்லாம் சேர்ந்த கல்யாண செட் ஒன்றை வாங்கி வரவேற்பு மேசையில் சந்தனம், கற்கண்டுத் தட்டுகளுக்கு நடுவே வையுங்கள். வருகிற குழந்தைகள் அங்கேயேதான் நிற்கும். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆனதும் பெண்ணின் தலைக் கொலுவில் அதே செட் படியேறும். வாடகை கொடுத்துத் திருப்பியனுப்பும் பிளாஸ்டிக் பூத்தூணுக்கு அந்த வாழ்வு இல்லை. தாம்பூலப் பையிலும் தேங்காயோடு ஒரு பொட்டலம் பண்ருட்டி முந்திரி போடலாம். பலா சீசன் அதற்குள் ஓய்ந்திருக்கும், முந்திரிக்கு அந்தக் கவலை இல்லை. பாலிகை தெளிக்கும் வழக்கமுள்ள வீடு என்றால் முளைவிட்ட அந்த மண்கிண்ணங்களை மூலையில் ஒதுக்காமல் மணவறை ஓரத்தில் பார்வைக்குப் படும்படி வையுங்கள்.

கடைசியாக, சாலையோரப் பேனர். காடாம்புலியூர் சென்னை–கும்பகோணம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. பேருந்தும் லாரியும் ஓயாத வழி. 2019 செப்டம்பர் 12 அன்று, இதே ஆவணியில், சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமண பேனர் ஸ்கூட்டரில் போன இளம்பெண் மீது சரிந்து, அவர் கீழே விழுந்து லாரி ஏறி இறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆசையாகக் கேட்டாலும் சாலையோரத்தில் பேனர் வேண்டாம் என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்லுங்கள். மண்டப வாசலில், மதிலுக்கு உள்ளே, பெயர்ப்பலகை ஒன்று போதும்.