பேர்ல் மொழியும் கல்முனை என்னும் பெயரும்

லாரி வால் 1987இல் வெளியிட்ட பேர்ல் மொழியில், புறத்திருந்து வரும் தரவை மாசுடையதெனக் கொள்ளும் காவல்முறை ஒன்றுண்டு. அதனை ஏவிவிட்டால், இணையப் படிவத்தில் ஒருவர் இட்ட சொல்லை ஒரு வடிவத்தோடு பொருத்திப் பிரித்தெடுத்தாலன்றி, சேவையகக் கட்டளையிற் சேர்க்கவியலாது.

அவ்வடிவம் ஆங்கில எழுத்துக்கு மட்டும் இடந்தருமாயின், அம்பாறைக் கரையோரத்தார் தம் ஊரைத் தமிழில் எழுதுதல் இயலாது. எதனையும் ஏற்குமாயின் காவல் வீணே. இவ்விரண்டில் எளிதானதை நிரலர் தேர்வது வியப்பன்று.

யூ.டி.எஃப்-8 முறையில் ‘கல்முனை’ 21 பைட்டுகள். குறிநீக்கியபின் 7 குறியீடுகள். தமிழர் எண்ணும் எழுத்தோ 4. குறிநீக்காது சோதித்தால், சொல்லெழுத்துக்குரிய வடிவம் இப்பெயரைத் தள்ளும். குறிநீக்கியபின் புள்ளியையும் உயிர்க்குறியையும் அது ஏற்கும். கட்டளைகளைப் பிரிக்கும் அரைப்புள்ளியை அப்போதும் ஏலாது.